'சர்' பட்டம் பறிபோனவரின் பழைய படம்: குறிப்பில் என்ன எழுதுவது?

நெகட்டிவ்_பெட்டி கேட்டது:

வணக்கம். ஒரு சின்னச் சந்தேகம்தான், ஆனால் ஒரு வாரமாகச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் இதே பேச்சு, அதனால் இங்கே கொண்டுவந்து போடுகிறேன்.

என் மாமனார் மலேசியத் தமிழர். 1969-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் படிக்க வந்து, படிப்பைப் பாதியில் விட்டு, ஒரு ஸ்டுடியோவில் இருட்டறை வேலைக்குச் சேர்ந்து, அப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் கேமராவை வைத்தே குடும்பம் நடத்தியவர். அவருடைய நெகட்டிவ்களை இப்போது நான் ஸ்கேன் செய்து வருகிறேன். பாதிக்கு மேல் கல்யாணம், ஞானஸ்நானம், பள்ளிக்கூடக் குழுப் படங்கள். நடுவில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது, மூடியில் 'ரரோ 74' என்று பெயிண்டால் எழுதியிருந்தது. பசிபிக் கடலில் இருக்கும் குக் தீவுகளின் ரரோடோங்கா. 1974 ஜனவரியில் எலிசபெத் ராணி அங்கே புதிய விமான நிலையத்தைத் திறந்துவைக்கப் போனபோது மாமாவும் அங்கே இருந்திருக்கிறார். அந்தப் பயணத்தில்தான் அந்த ஊர் பிரிமியர், அதாவது அரசை நடத்துகிறவர், ஆல்பர்ட் ஹென்றிக்கு ராணி 'சர்' பட்டம் கொடுத்தார்.

பிறகு நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். 1978 தேர்தலில் நியூசிலாந்திலிருந்து விமானம் விமானமாக ஓட்டாளர்களைக் கொண்டுவந்து இறக்கினார், நீதிமன்றம் அந்த வெற்றியைச் செல்லாது என்றது, பதவி போனது, 1980-ல் பட்டமும் பறிக்கப்பட்டது, 1981 புத்தாண்டு தினத்தில் இறந்துபோனார்.

டின்னில் நெகட்டிவோடு ஒரு பிரிண்ட்டும் இருந்தது. கழுத்திலிருந்து காது வரைக்கும் பூமாலை, தடித்த ஃபிரேம் கண்ணாடி, வாய் நிறையச் சிரிப்பு. பின்பக்கம் டைப் அடித்து ஒட்டிய சீட்டில் சர் ஆல்பர்ட் ஹென்றி, ரரோடோங்கா, ஜனவரி 1974 என்று இருக்கிறது. அதில் 'சர்' என்பதை யாரோ நீலப் பேனாவால் அடித்திருக்கிறார்கள். அடித்ததற்குக் கீழே பென்சிலால் வரிசையாக நான்கு புள்ளிகள். மாமாவிடம் கேட்டால் "அது பெரிய கதை" என்று சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

குக் தீவுக் குடும்பம் ஒன்று இந்தப் படங்களின் பிரதியைக் கேட்டிருக்கிறது. இப்போது டிஜிட்டல் கோப்பில் பெயரை எப்படி எழுத வேண்டும்? பட்டம் பறிக்கப்பட்டுவிட்டது என்பதால் வெறும் ஆல்பர்ட் ஹென்றியா? படம் எடுத்த அன்றைக்கு அவர் சர் தானே, அதனால் சர் ஆல்பர்ட்டா? 'முன்னாள் சர்' என்று ஒன்று உண்டா? மனைவி "முன்னாள் சர்னு போட்டா முன்னாள் டாக்டர் மாதிரி இருக்கு" என்று சிரிக்கிறாள்.

ஆவணக்காரி எழுதியது:

நூலக ஆவணப் பிரிவில் பல வருடம் குப்பை கொட்டியவள் என்ற உரிமையில் சொல்கிறேன், முதலில் அந்தச் சீட்டைக் கிழிக்கவோ அழிக்கவோ செய்யாதீர்கள். பிரிண்ட்டின் பின்பக்கத்தையும் தனியாக ஸ்கேன் செய்யுங்கள். பல சமயம் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் அதிகம் பேசும்.

குறிப்புக்கு ஒரே இடம் போதாது, இரண்டு வேண்டும். ஒன்றில் சீட்டில் இருக்கிறபடியே, அடித்தது, புள்ளி எல்லாம் சேர்த்து, மேற்கோள் குறிக்குள். இன்னொன்றில் உங்கள் விளக்கம்: 1974-ல் கே.பி.ஈ. (பெயருக்கு முன்னால் 'சர்' தருகிற பிரிட்டிஷ் பட்டம்) பெற்றார், 1980-ல் ரத்தானது. தேடுவதற்கான பெயர்ப் பட்டியலில் பட்டமே வேண்டாம். ஹென்றி, ஆல்பர்ட், 1907–1981 என்று போட்டால் யார் தேடினாலும் கிடைக்கும். 'முன்னாள் சர்' என்று ஒன்று கிடையாது, உங்கள் மனைவி சொன்னதுதான் சரி.

பட்டத்தை ரத்து செய்யும்போது அந்த ஆளின் பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்லி உத்தரவு வரும், பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டில் அறிவிப்பும் வரும். மனைவிக்கு இருந்த 'லேடி'யும் அதோடு போய்விடும், அந்த அம்மா எந்தத் தேர்தலிலும் தப்பு செய்திருக்க மாட்டார், ஆனாலும் போகும். ஆனால் அந்த உத்தரவு அன்றிலிருந்துதான் பேசுகிறது. அதற்கு முந்தைய ஆறு வருடக் கடிதங்களிலும் செய்தித்தாள்களிலும் அவர் சர் ஆல்பர்ட்தான், அதைப் பின்னோக்கிப் போய்த் திருத்துவது ஆவணக்காரர் வேலை இல்லை.

இதில் இன்னொரு குழப்பமும் எங்களிடம் அடிக்கடி வரும். எல்லோருக்கும் 'சர்' போடக் கூடாது. ராணியைத் தங்கள் நாட்டு அரசியாக ஏற்காத வெளிநாட்டுத் தலைவர்களுக்குக் கொடுத்தது கௌரவப் பட்டம், பெயருக்கு முன்னால் 'சர்' வராது. ருமேனியாவின் சௌஷெஸ்கு 1978-ல் லண்டன் போய் வாங்கினார், 1989 டிசம்பரில் சுட்டுக்கொல்லப்படுவதற்குச் சற்று முன்பு பறித்தார்கள். ஜிம்பாப்வேயின் முகாபே 1994-ல் வாங்கினார், 2008-ல் போனது. இரண்டு பேரும் ஒருநாளும் 'சர்' இல்லை, ஆனாலும் 'சர் ராபர்ட் முகாபே' என்று குறிப்பு எழுதிய படத்தை நானே பார்த்திருக்கிறேன். ஹென்றி விஷயம் வேறு. குக் தீவுகள் 1965-லிருந்து சுயாட்சி, ஆனால் நியூசிலாந்தோடு இணைந்த நாடு, அன்று ராணிதான் அங்கேயும் அரசி. அதனால் அவர் முழு சர்.

அந்தப் புள்ளிகள் என்னவென்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், ஆனால் மாமா வாயாலேயே வரட்டும்.

ரரோ74 எழுதியது:

நான்தான் அந்த மாமனார். மாப்பிள்ளை தட்டச்சு செய்கிறார், பிழை இருந்தால் அவரைத் திட்டுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டேன், இனிச் சொல்கிறேன்.

எங்கள் ஸ்டுடியோ இருந்தது ஆக்லாந்தில் பான்சன்பி பக்கம். இன்றைக்கு அங்கே வீடு வாங்க லட்சாதிபதியாக இருந்தாலும் போதாது, அன்றைக்கு அது தீவு மக்கள் குடியிருந்த பகுதி, ஒழுகும் கூரை, ஒரே வீட்டில் மூன்று குடும்பம். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் குக் தீவுக்காரர்கள். தொழிற்சாலையில் வாரச் சம்பளம் வாங்கி, சனிக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குடும்பத்தோடு படம் எடுக்க வருவார்கள், ஒரு பிரதி சுவருக்கு, ஒரு பிரதி தீவில் இருக்கும் பாட்டிக்கு. என்னை ஒருநாளும் வெளி ஆளாக நடத்தியது இல்லை, தேங்காய்ப்பால் ஊற்றிய மீன் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர்கள் வழியாகத்தான் ஹென்றியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அங்கே மூத்த ஆண்களைப் 'பாப்பா' என்பார்கள், நம் காதுக்கு வேடிக்கையாக இருக்கும். இவரும் அவர்களுக்குப் பாப்பாதான். நியூசிலாந்தில் வேலை பார்த்துவிட்டு 1964-ல் ஊர் திரும்பிக் கட்சி தொடங்கினார். அவ்வளவு காலம் ஊரில் இல்லாததால் வசிப்பிட விதிப்படி 1965 தேர்தலில் நிற்க முடியவில்லை, தங்கை மார்கரிட் ஸ்டோரி நின்று ஜெயித்து, விதியைத் தளர்த்தியபின் அண்ணனுக்கு இடத்தை விட்டுக்கொடுத்தார். அந்தத் தங்கை அப்புறம் சட்டசபைச் சபாநாயகர் ஆனார். வயதானவர்களுக்கு ஓய்வூதியம் கொண்டுவந்தது ஹென்றி. தன் அம்மாவுக்கு முதல்முறையாகக் கையில் காசு வந்தது இந்த ஆளால்தான் என்று ஒரு தச்சர் என்னிடம் சொல்லிக் கண் கலங்கியிருக்கிறார். அப்படியிருக்கும்போது ஊழல் ஊழல் என்று நாம் சொன்னால் அவருக்கு எப்படிக் காதில் ஏறும்?

1974-ல் முதலாளி பாதிச் செலவு போட்டார், பாதி நான் போட்டேன். ராணி வரும் படத்தை ஆக்லாந்தில் இருக்கும் குக் தீவுக் குடும்பங்களுக்கு விற்றுவிடலாம் என்பது கணக்கு. ஒரு நிக்கார்மேட், 50 மில்லிமீட்டர் லென்ஸ், இரவல் வாங்கிய 135. ட்ரை-எக்ஸ் ஃபிலிம் பன்னிரண்டு ரோல். கேமராவைப் பையிலிருந்து எடுத்தால் லென்ஸில் ஆவி படியும், துடைத்தால் சட்டை வேர்வை லென்ஸில் ஏறும்.

பட்டம் கொடுத்த கணம் என்னிடம் இல்லை. இதை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை, மாப்பிள்ளை இப்போதுதான் நெகட்டிவைப் பார்த்துக் கண்டுபிடித்தார். எனக்கு முன்னால் ஒரு அம்மா, தலையில் ரிட்டோ தொப்பி. இளம் தென்னங்குருத்தை வெளுக்கவைத்து நூல் மாதிரி கிழித்துப் பின்னுவார்கள், கோயிலுக்கு, அதாவது அவர்கள் தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போவது, பின்னி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அழகான தொப்பி. என் ஏழு ஃபிரேமிலும் அந்தத் தொப்பிதான் இருக்கிறது, பின்னல் ஒவ்வொன்றும் பளிச்சென்று, அதற்கு அப்பால் மங்கலாக ராணியின் கையுறை மாதிரி ஏதோ ஒன்று. தள்ளிப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார்.

மறுநாள் எடுத்ததுதான் இந்தப் பிரிண்ட். கூட்டத்துக்கு நடுவே வந்தார், ஆளாளுக்கு மாலை போட்டார்கள், ஒன்றின்மேல் ஒன்றாகக் காதை மறைக்கும் வரை. பதக்கம் கழுத்தில் இருந்ததா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, பூ மூடிவிட்டது. நான் "சர் ஆல்பர்ட், இந்தப் பக்கம்" என்று கத்தினேன். புதுப் பட்டம், அவருக்கே பழகவில்லை போல, இரண்டாவது தடவை கூப்பிட்டபிறகுதான் திரும்பினார், திரும்பியதும் அந்தச் சிரிப்பு. வெயில் கண்ணாடியில் பட்டு இரண்டு வட்டமும் வெளுத்துவிட்டது, கண் தெரியாது. இருட்டறையில் பார்த்தபோது அடடா என்றிருந்தது, ஆனால் அவ்வளவு பூவுக்கு நடுவில் யாரும் கண்ணைத் தேட மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன். நல்லாவே விற்றது. பான்சன்பியில் பல வீட்டு வரவேற்பறையில் அது தொங்கியது.

இனி 1978. மார்ச் 30 தேர்தல். அதற்குமுன் ஆக்லாந்தின் மாங்கரே விமான நிலையத்தில் இரண்டு ரோல் எடுத்தேன், யாரும் அனுப்பவில்லை, ஸ்டுடியோ வாடிக்கையாளர் ஒருவர் "நாங்கள் எல்லோரும் ஊருக்குப் போகிறோம், வந்து படம் எடு" என்றார். கட்சி வாடகைக்குப் பிடித்த ஜெட் விமானங்கள். போய் ஓட்டுப் போட்டுவிட்டு, சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து தொழிற்சாலையில் கார்டு குத்த வேண்டும். உகுலேலே, பாட்டு, குழந்தை, மூட்டை. குற்றம் செய்யப் போகிற முகம் ஒன்றுகூட அந்த இரண்டு ரோலில் இல்லை. பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கு லாரியில் ஏறுகிற ஜனம் மாதிரி இருந்தார்கள். எதிர்க்கட்சியும் ஆள் கொண்டுவந்தது, ஆனால் அவர்கள் ஆட்கள் டிக்கெட் காசைத் தாங்களே கொடுத்தார்கள். வழக்கில் அதுதான் வித்தியாசம்.

காசு எங்கேயிருந்து வந்தது என்பது அப்புறம்தான் வெளியே வந்தது, தபால்தலையிலிருந்து. குக் தீவுகள் உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்களுக்குத் தபால்தலை விற்றுச் சம்பாதித்த நாடு, அந்த வியாபாரத்தை நடத்திக்கொடுத்தவர் ஃபின்பார் கென்னி என்ற அமெரிக்கர். அந்த வழியில் 3,37,000 நியூசிலாந்து டாலர் விமான வாடகைக்குப் போயிருந்தது. வெளிநாட்டு அரசியல்வாதிகளுக்கு லஞ்சம் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்கா 1977-ல்தான் சட்டம் போட்டிருந்தது, அதில் ஆரம்பத்திலேயே மாட்டிய வழக்குகளில் கென்னியின் நிறுவனமும் ஒன்று. 1979-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதமும் கட்டி அந்தத் தொகையையும் திருப்பிக் கொடுத்தார்கள். இருபதாயிரம் பேர்கூடச் சரியாக இல்லாத நாட்டுத் தேர்தல் அமெரிக்கக் கோர்ட் வரை போனது.

1978 ஜூலை 24, தலைமை நீதிபதி கேவன் டான் தீர்ப்புச் சொன்னார். பறந்துவந்த ஓட்டுகளைத் தள்ளியதும் பெரும்பான்மை கவிழ்ந்தது, மறுநாள் டாம் டேவிஸ் பிரிமியர். 1974-ல் ராணி திறந்துவைத்த அதே ஓடுபாதையில் இறங்கிய விமானங்கள்தான் ஹென்றியை இறக்கின, அது இருக்கட்டும்.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த நாள் நடந்தது. ஆக்லாந்தில் ஒரு பத்திரிகையிலிருந்து போன். ஹென்றி படம் இருக்கிறதாமே? இந்தப் பிரிண்ட்டின் இன்னொரு பிரதியைக் கொண்டுபோனேன். மேசையில் இருந்த ஆள் சிவப்பு மெழுகுப் பென்சிலை எடுத்து, தாடைக்குக் கீழே ஒரு கோடு, காதுக்குப் பக்கத்தில் இரண்டு கோடு, நெற்றிக்கு மேலே ஒரு கோடு, பத்து வினாடி ஆகியிருக்காது. மாலை முழுக்கப் போய்விட்டது. கூட்டமும் போய்விட்டது. மிச்சம் இருந்தது வெளுத்த கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை மறைத்துக்கொண்டு சிரிக்கிற ஒருவன். நான் நின்ற இடத்திலேயே பார்த்தேன், எனக்கே அவன் திருடன் மாதிரித்தான் தெரிந்தான். அந்தச் சிரிப்பு மாலைக்குச் சிரித்த சிரிப்பு என்று யாருக்குச் சொல்ல? மறுநாள் வந்தது. 1974-ல் ஒரு பிரதிக்குக் கிடைத்ததைப்போல் பல மடங்கு பணம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மாதம் வாடகை கட்டியது அதில்தான், உங்கள் மனைவிக்கு அப்போது இரண்டு வயது மாப்பிள்ளை.

1980-ல் பட்டம் போன செய்தி வந்த அன்று ஸ்டுடியோவில் இருந்த பிரிண்ட்டை எடுத்து 'சர்' என்பதை அடித்தது நான்தான். கோபம் எல்லாம் இல்லை. சீட்டில் தப்பு இருந்தால் திருத்த வேண்டும், அவ்வளவுதான் புத்தி.

1981 ஜனவரி. ஒரு அம்மா ஸ்டுடியோவுக்கு வந்தார், தம்பி அந்த விமானங்கள் ஒன்றில் போனவன். பாப்பாவின் படம் வேண்டும், வீட்டில் பிரார்த்தனை வைக்கிறோம் என்றார். இந்தப் பிரிண்ட்டைக் கொடுத்தேன். முன்பக்கம் ரொம்ப நேரம் பார்த்தார், அப்புறம் திருப்பினார். பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது எடுத்த தேதி என்ன?" என்றார். சீட்டிலேயே இருக்கிறதே என்றேன். "அன்றைக்கு நீ அவரை என்ன என்று கூப்பிட்டாய்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவர் படத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார், நான் புதிதாக ஒன்று போட்டுச் சீட்டு இல்லாமல் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

அன்று இரவு வைத்ததுதான் புள்ளி. அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அடித்தது தவறு, பழையபடியே இருக்கட்டும் என்பதற்கு அடியில் புள்ளி வைப்பார்கள்.

பிரிஸ்பேன்வாசி எழுதியது:

ஐயா, படித்துவிட்டு வேலைக்குத் தாமதமாகப் போனேன். அந்தச் சிவப்புப் பென்சில் இடத்தை இரண்டு முறை படித்தேன்.

நான் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம். எங்கள் ஊர் ஜோ பியெல்கி-பீட்டர்சன் கதையை இதோடு வைத்துப் பாருங்கள், எரிச்சலாக வரும். 1968-லிருந்து 1987 வரை பிரிமியர், 1984-ல் சர். பத்திரிகைக்காரர்களைச் சந்திப்பதைக் கோழிக்குத் தீனி போடுவது என்று அவரே சொல்வார், எங்கள் ஊர் மூத்த படக்காரர்கள் இன்றைக்கும் தங்களைக் கோழி என்றே சொல்லிக்கொள்வார்கள். தெரு ஊர்வலத்துக்குத் தடை, தொகுதிப் பிரிப்பில் தில்லுமுல்லு, பழுப்புக் காகிதப் பையில் கட்சிக்கு நன்கொடை. 1987-ல் ஃபிட்ஸ்ஜெரால்ட் விசாரணை தொடங்கி நாறியது, சொந்தக் கட்சியே பிடித்துத் தள்ளியும் சில நாள் அலுவலகத்தை விட்டு வெளியே வரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார், டிசம்பர் முதல் தேதி ராஜினாமா. 1991-ல் பொய்ச்சாட்சி வழக்கு, ஜூரி முடிவுக்கு வர முடியாமல் கலைந்தது, ஜூரியில் ஒருவர் அவர் கட்சி இளைஞர் அணிக்காரர் என்று அப்புறம் தெரிந்தது. 2005-ல் இறக்கும்போது சர் ஜோ. பட்டத்தை யாரும் தொடவில்லை. அவருடைய போலீஸ் கமிஷனர் டெரி லூயிஸ் 1986-ல் சர் ஆனார், 1991-ல் ஊழலுக்கு ஜெயில், 1993-ல் பட்டம் போனது.

இன்னொன்று, இந்த இரண்டு தலைவர்களையும் சேர்த்துக் கட்டுகிற ஒரு ஆள் உண்டு. மிலன் பிரிக். புற்றுநோயைக் குணப்படுத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டவன், நியூசிலாந்தில் மருத்துவர் பதிவிலிருந்து நீக்கப்பட்டவன். ஜோ அவனுக்கு இங்கே இடம் கொடுக்க முயன்றார், ஹென்றி ரரோடோங்காவில் கொடுத்தே விட்டார். ஆஸ்திரேலியாவிலிருந்து வீட்டை விற்றுக்கொண்டு போன நோயாளிகள் பலர் அங்கேயே இறந்தார்கள். ஓடுபாதைக்குப் பக்கத்தில் நிக்காவ் கல்லறையில் அவர்களுக்கு ஒரு மூலையே இருக்கிறது, டாம் டேவிஸ் வந்தபிறகுதான் அந்த ஆளை அனுப்பினார்கள். ஓட்டு விமானத்தைவிட எனக்கு இதுதான் பெரிய குற்றம், ஆனால் பட்டம் பறிபோனது இதற்காக இல்லை.

அதனால் பட்டம் இருப்பதையும் போவதையும் வைத்து ஒரு ஆளை அளக்க முடியுமா என்று எனக்குத் தோன்றுகிறது. சின்னத் தீவுக்காரரிடம் பறித்தார்கள், பெரிய மாநிலத்துக்காரரிடம் விட்டுவிட்டார்கள்.

ஆவணக்காரி எழுதியது:

பிரிஸ்பேன்வாசி, சின்னவர் பெரியவர் என்று மட்டும் பார்க்க வேண்டாம். ஹென்றி 1979-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறைக்கு அனுப்பவில்லை, வயதும் உடல்நிலையும் பார்த்தார்கள், ஆனால் தண்டனை தண்டனைதான். ஜோவுக்குத் தண்டனையே ஆகவில்லை. பறிப்பதற்குப் பெரும்பாலும் கேட்கிற காகிதம் அதுதான். இறந்துவிட்டால் காகிதம் இருந்தும் பயன் இல்லை, சர் பட்டம் ஆள் உயிரோடு இருக்கும் வரைக்கும்தான், அதற்கப்புறம் பறிக்க ஒன்றும் இருக்காது. ஹென்றி இன்னும் ஒரு வருடம் முன்னால் போய்ச் சேர்ந்திருந்தால் சர் ஆகவே போயிருப்பார். நியாயமா என்று கேட்காதீர்கள்.

சந்தேகப்பிராணி எழுதியது:

எல்லோரும் கண் கலங்குவதற்கு நடுவில் மன்னிக்கவும். ஊர்ப் பணத்தில் ஓட்டு வாங்கிய ஆள். மாட்டினார், பறித்தார்கள். பிரிக் விஷயத்தையும் சேர்த்தால் மாலையோடு இருக்கிற படத்தை எதற்காகக் காப்பாற்ற வேண்டும்? வெட்டிய படம்தான் உண்மை என்று ஏன் சொல்லக் கூடாது? இந்தப் பட்டமே ஒரு அடிமைச் சங்கிலி, நம் ஊரில் மணி ஐயர் என்கிற நீதிபதி சுப்பிரமணிய ஐயர் 1918-லும் தாகூர் 1919-லும் வேண்டாம் என்று தாங்களே தூக்கி எறிந்தார்கள். வாங்கிப் பூரித்து நின்றவருக்காகப் புள்ளி வைப்பானேன்?

ரரோ74 எழுதியது:

தம்பி, கேள்வி நியாயமானது, கோபம் இல்லை. அவர் தப்பு செய்தாரா என்றால் செய்தார், அவரே ஒப்புக்கொண்டார், நான் யார் இல்லை என்று சொல்ல. நிக்காவ் கல்லறையையும் பார்த்திருக்கிறேன், அங்கே நான் படம் எடுக்கவில்லை, கையில் கேமரா இருந்தும் எடுக்கவில்லை.

வெட்டிய படம் உண்மை என்கிறீர்கள். 1978-ல் அவரை நேரில் போய் எடுத்திருந்தால் ஒத்துக்கொள்வேன். அது 1974-ல் எடுத்த முகம். அன்று அவர் அந்த விமானத்தைப் பற்றி நினைத்திருக்க மாட்டார், விமான நிலையமே அந்த வாரம்தான் முறையாகத் திறந்தது. நாலு வருடத்துக்கு அப்புறம் செய்த தப்பை முன்னாலேயே அவர் முகத்தில் ஒட்டியது அந்தப் பென்சில், பென்சிலை வைத்திருந்தவனிடம் படத்தைக் கொடுத்தது நான். எனக்கு உறுத்துவது அவ்வளவுதான், அவருக்காக வக்காலத்து வாங்கவில்லை. மணி ஐயரோடு இவரை வைக்கவும் இல்லை.

பல வருடம் கழித்து மறுபடி போனேன், ரரோடோங்காவின் தலைநகர் அவாருவாவில் தேவாலயத்துக்குப் பக்கத்துக் கல்லறை. மேலே வெண்கலத்தில் மார்பளவு சிலை. சிலைக்கு நிஜக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், காதில் மாட்டுகிற அசல் கண்ணாடி, நான் முதலில் யாரோ விளையாட்டுக்கு வைத்தது என்று நினைத்தேன். கழுத்தில் அன்று காலையில் கட்டிய மாலை. அதற்குள் அந்த ஊரில் டாம் டேவிஸும் சர் ஆகியிருந்தார், அப்புறம் ஹென்றியின் சொந்தக்காரர் ஜெஃப்ரி ஹென்றியும் பிரதமராகிச் சர் ஆனார். சிலையை எடுத்தேன், மாலை மொத்தமும் வருகிற மாதிரி இரண்டு அடி பின்னால் போய்.

நெகட்டிவ்_பெட்டி எழுதியது:

நன்றி எல்லோருக்கும். மாமா இவ்வளவு சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, இரண்டு வயது விஷயம் வந்ததும் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

இப்படி எழுதியிருக்கிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள். சீட்டில் உள்ளபடி: 'சர் ஆல்பர்ட் ஹென்றி, ரரோடோங்கா, ஜனவரி 1974'; 'சர்' அடிக்கப்பட்டு, அடித்தது செல்லாது எனப் புள்ளியிடப்பட்டுள்ளது, இரண்டும் படமெடுத்தவர் கை, 1980 மற்றும் 1981. விளக்கம்: கே.பி.ஈ. 1974, ரத்து 1980. 1978-ல் இதே நெகட்டிவின் வெட்டிய வடிவம் பத்திரிகையில் வந்தது. அந்தக் குடும்பத்துக்கு முழு ஃபிரேம் போகிறது.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். அந்தத் தொப்பி ஃபிரேம் ஏழையும் ஸ்கேன் செய்யவா? மாமா வேண்டாம் என்கிறார், வெட்கமாக இருக்கிறதாம்.

ஆவணக்காரி எழுதியது:

ஏழையும் செய்யுங்கள். முழு ஃபிரேம், ஓரத் துளைகள் தெரிகிற மாதிரி. அந்தத் தொப்பியைப் பின்னிய குடும்பம் யாராவது இன்னும் ஆக்லாந்தில் இருக்கலாம், பின்னலைப் பார்த்தே யார் கை என்று சொல்கிறவர்கள் அங்கே உண்டு.

அப்புறம் அந்த டின்னைத் திறக்கும்போது காடி வாசனை வந்ததா? வந்தால் அசிடேட் ஃபிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், மற்ற நெகட்டிவ்களுக்கும் பரவும். இன்றைக்கே டின்னிலிருந்து எடுத்துக் காகித உறையில் தனித்தனியாகப் போட்டுக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். முதலில் 'ரரோ 74', கல்யாணப் படங்கள் எல்லாம் பிறகு.